மூதாட்டியரும் சமுதாய நலவாழ்வும்: சிம்பாப்வேயின் ‘நட்பு இருக்கை’த் திட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வளரும் நாடுகளின் நலவாழ்வுத் திட்டங்களில் மூதாட்டியர் நெடுங்காலமாகப் பழைமையின் காவலராகவும் மாற்றத்திற்குத் தடையாகவும் கருதப்பட்டு வந்துள்ளனர். இக்கருத்தை மறுக்கும் சான்றாகச் சிம்பாப்வே நாட்டின் தலைநகர் ஹராரேயில் 2006ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘நட்பு இருக்கை’ என்னும் மனநலத் திட்டம் அமைந்துள்ளது. அத்திட்டத்தின் தோற்றம், அதில் ஷோனா மொழி பெற்ற இடம், ஆலோசனை முறை, மருத்துவ ஆய்வு முடிவுகள் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. திட்டத்தின் வெற்றிக்கு மூதாட்டியரின் வயது மட்டும் காரணமன்று. அவர்களது உறவுநிலைத் தகுதியும், நோயை மக்கள் மொழியில் பெயரிட்டமையும், வரையறுத்த பயிற்சியும் ஒன்றிணைந்தமையே காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்

மூதாட்டியர், நட்பு இருக்கை, ஷோனா மொழி, குஃபுங்கிசிசா, சமுதாய மனநலம், உறவுமுறை, சிக்கல் தீர்வுமுறை.

முன்னுரை

1978ஆம் ஆண்டு வெளியான அல்மா-ஆட்டா அறிக்கை, தொடக்கநிலை நலவாழ்வுப் பணியில் மருத்துவர், செவிலியர் ஆகியோருடன் சமுதாயப் பணியாளர்க்கும் தேவைக்கேற்ப மரபு மருத்துவர்க்கும் இடமுண்டு என ஏற்றுக்கொண்டது. ஆயினும் குடும்பத்திற்குள் மகப்பேறு, குழந்தை வளர்ப்பு, நோயாளர் பேணல் ஆகியவற்றில் அன்றாடம் முடிவெடுக்கும் மூத்த பெண்கள் அதன்பின் வந்த திட்டங்களுள் பலவற்றில் கணக்கில் கொள்ளப்படவில்லை. கருவுற்ற பெண்ணுக்கும் இளந்தாய்க்குமே அறிவுரைகள் வழங்கப்பட்டன. அவ்வறிவுரையைக் கேட்டு வீடு திரும்பும் இளம்பெண், மாமியாரின் சொல்லுக்கும் செவிலியின் சொல்லுக்கும் இடையே நின்று தடுமாற வேண்டியவளானாள். இந்தத் தடுமாற்றம் அவளது அறியாமையின் விளைவன்று; திட்டம் வகுத்தோர் குடும்பத்தின் அமைப்பை அறியாமையின் விளைவு.

மூதாட்டியரைத் திட்டத்தின் நடுவில் அமர்த்தினால் என்ன நிகழும் என்னும் வினாவுக்கு ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றிலிருந்து விடை கிடைத்துள்ளது. அவற்றுள் மிக விரிவாக அளந்தறியப்பட்டவற்றுள் ஒன்று சிம்பாப்வேயின் முயற்சியாகும்.

1. தடையெனக் கருதப்பட்டவர்கள்

மூதாட்டியர் பற்றிய ஐயத்திற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. சீம்பாலைப் பிழிந்து ஊற்றிவிடுதல், பிறந்த குழந்தைக்குத் தண்ணீர் புகட்டுதல் போன்ற வழக்கங்கள் பல சமூகங்களில் மூத்த பெண்களின் வழியாகவே தொடர்ந்தன. ஆனால் அவர்களது இருப்பு குழந்தைக்கு நன்மையா தீமையா என அளந்து நோக்கிய ஆய்வுகள் வேறொரு படத்தைக் காட்டின. மருத்துவர் இயன் மெக்ரிகர் காம்பியா நாட்டின் சிற்றூர்களில் 1950 முதல் 1974 வரை திரட்டிய தரவுகளை ரெபெக்கா சியர், ரூத் மேஸ் ஆகியோர் ஆராய்ந்தனர். தாய்வழிப் பாட்டி உயிருடன் இருந்த குழந்தைகளின் ஊட்டநிலையும் பிழைக்கும் வாய்ப்பும் மேம்பட்டிருந்தமையை 2000ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வாய்வு காட்டியது. பல்வேறு சமூகங்களில் நிகழ்ந்த 45 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி அவ்விருவரும் 2008இல் வெளியிட்ட கட்டுரையும் தாய்வழிப் பாட்டியின் நற்பங்கைப் பெரும்பான்மையான சமூகங்களில் கண்டது. தந்தைவழிப் பாட்டியின் பங்கு இடத்திற்கு இடம் மாறுபட்டது.

செனகல் நாட்டில் ஜூடி ஆபெல் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் மேற்கொண்ட பணி இதன் அடுத்த படிநிலை எனலாம். தாய்சேய் ஊட்டநலம் குறித்த கல்வியில் அவர்கள் மூதாட்டியரை முதன்மைப் பங்கேற்பாளராக்கினர். அவர்களைப் போற்றும் பாடல்கள் பாடப்பட்டன. முடிவு கூறப்படாத கதைகள் சொல்லப்பட்டு, முடிவை மூதாட்டியரே ஆராய்ந்து கூறுமாறு விடப்பட்டது. மரபின் காவலர் மாற்றத்தின் பகைவர் அல்லர் என்பதே 2004இல் வெளியான அவ்வாய்வின் முடிவு. பின்னர் அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள வெலிங்கரா வட்டாரத்தில் இளவயதுத் திருமணம், பெண்ணுறுப்புச் சிதைப்பு ஆகியவற்றைக் குறைக்கும் பணியிலும் இம்முறை கையாளப்பட்டது. பெண்ணுறுப்புச் சிதைப்பைச் செனகல் 1999ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடைசெய்துவிட்டது. எனினும் அவ்வழக்கத்தைப் பேணிவந்தோர் மூத்த பெண்களே ஆதலின், அவர்கள் உடன்படாத நிலையில் சட்டம் ஏட்டளவில் நிற்கும் என்பதை அப்பணி உணர்ந்திருந்தது.

2. ம்பாரேயில் ஒரு தொடக்கம்

சிம்பாப்வே அரசு 2005ஆம் ஆண்டு ‘முரம்பத்ஸ்வினா’ என்னும் பெயரில் நகர்ப்புறக் குடியிருப்புகளையும் சிறுகடைகளையும் இடித்து அகற்றியது. அழுக்கை வெறுத்தொதுக்குதல் என்னும் பொருளை அப்பெயர் தருகிறது. ஏறத்தாழ 7 இலட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தனர் என ஐக்கிய நாடுகள் அவையின் அறிக்கை மதிப்பிட்டது. எச்.ஐ.வி. தொற்றும் வேலையின்மையும் முன்னரே வாட்டிய மக்களிடையே மனத்துயர் மிகுந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட அந்நாட்டில் மனநல மருத்துவர் ஏறத்தாழப் பத்துப் பேரே இருந்தனர்.

அவருள் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் மருத்துவம் பெற்றுவந்த இளம்பெண் ஒருத்தி தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள். மருத்துவமனைக்கு வருவதற்கான பேருந்துக் கட்டணமாகிய 15 டாலர் அக்குடும்பத்திடம் இல்லாமற் போயிற்று என்பதைப் பின்னர் அவர் அறிந்தார். நோயாளி மருத்துவரைத் தேடி வரவேண்டும் என்னும் ஏற்பாடே பிழையானது என்னும் உணர்வை அந்நிகழ்வு அவருக்குத் தந்தது. இதனை அவரே 2017ஆம் ஆண்டுப் பொதுமேடைப் பேச்சில் எடுத்துரைத்துள்ளார்.

ஹராரேயின் ம்பாரே பகுதியில் மனநலப் பணியைத் தொடங்க அவர் முற்பட்டபோது பணமும் கட்டடமும் கிடைக்கவில்லை. செவிலியரும் வேறு பணிகளில் மூழ்கியிருந்தனர். கிடைத்தவர் 14 மூதாட்டியர் மட்டுமே. அவர்கள் நகர நலவாழ்வுத் துறையின் சமுதாயப் பணியாளராக முன்னரே பணியாற்றி வந்தவர்கள். நலவாழ்வு நிலையத்தின் உள்ளே அறை இல்லாமையால் வெளியே மரத்தடியில் ஒரு மர இருக்கை இடப்பட்டது. பின்னாளில் உலகின் பார்வையை ஈர்த்த அவ்விருக்கை வறுமையால் நேர்ந்த ஏற்பாடே ஆகும். ஆயினும் அதுவே பொருத்தமாயிற்று. மேசைக்கு எதிரே அமர்த்தி வினவும் மருத்துவ அறையில் இல்லாத சமநிலை, அருகருகே அமரும் இருக்கையில் இயல்பாக அமைந்தது.

3. நோய்க்குப் பெயரிடுதல்

திட்டத்தின் முதற்பெயர் ‘மனநல இருக்கை’ என்னும் பொருளுடையதாக இருந்தது. அதில் அமர எவரும் முன்வரவில்லை. பித்துப்பிடித்தவர் என ஊரார் கருதுவர் என்னும் அச்சமே காரணம். பெயரை மாற்றுமாறு கூறியவர்கள் மூதாட்டியர்களே. அவர்கள் முன்மொழிந்த ஷோனாப் பெயர் ‘சிகாரோ செகுபனமசானோ’ என்பது. ‘சிகாரோ’ என்பது இருக்கை. ‘மசானோ’ என்பது யோசனைகள். ‘குபா’ என்பது கொடுத்தல். ‘குபானா’ என்னும் வடிவில் அமையும் ஒட்டு, ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் வினையைக் குறிப்பது. ஆகவே ‘ஒருவருக்கொருவர் யோசனை கூறிக்கொள்ளும் இருக்கை’ என்பது அத்தொடரின் பொருளாகும். தருபவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர் என்னும் பிரிவினை அவ்வினையின் இலக்கண வடிவிலேயே நீக்கப்பட்டுள்ளது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘நட்பு இருக்கை’ என்னும் பெயர் இந்நுட்பத்தை முழுமையாகத் தாங்கவில்லை.

மனச்சோர்வைக் குறிக்கும் மேலைநாட்டு மருத்துவச் சொல்லையும் மூதாட்டியர் ஏற்கவில்லை. மக்களிடையே முன்னரே வழங்கிய ‘குஃபுங்கிசிசா’ என்னும் சொல்லே கையாளப்பட்டது. ‘குஃபுங்கா’ என்பது சிந்தித்தல். அதனுடன் மிகுதிப்பொருள் தரும் ஒட்டுச் சேர்ந்து ‘அளவுக்கு மீறிச் சிந்தித்தல்’ எனப் பொருள்படுகிறது. இச்சொல் நோயின் பெயராக மட்டும் நிற்பதன்று. நோயின் காரணத்தையும் தன்னுள் கொண்டது. சிந்தனை மிகுவதற்கு வாழ்வில் ஏதோ ஒரு சிக்கல் இருக்கவேண்டும் என்பதை இச்சொல்லைக் கேட்பவர் உடனே உணர்வர். ஆகவே, ‘உனக்கு என்ன நோய்?’ என்னும் வினாவுக்கு மாறாக, ‘எதைப் பற்றி இவ்வளவு சிந்திக்கிறாய்?’ என்னும் வினாவுக்கு அச்சொல் இடமளிக்கிறது.

துயருற்றோரைக் கண்டறியும் கருவியும் மக்கள் மொழியிலிருந்தே பெறப்பட்டது. விக்ரம் படேலும் சிம்பாப்வே ஆய்வாளர்களும் 1990களில் உருவாக்கிய ஷோனா அறிகுறி வினாநிரல் 14 வினாக்களைக் கொண்டது. ஆம், இல்லை என விடை கூறத்தக்கது. மிகுதியாகச் சிந்தித்தல் பற்றிய வினாவும் அதில் இடம்பெற்றுள்ளது. அயல்மொழி வினாநிரலை மொழிபெயர்த்துக் கையாளாமல், மக்கள் தம் துயரைக் கூறும் முறையிலிருந்தே வினாக்களைத் தேர்ந்தமை இதன் சிறப்பு.

4. இருக்கையில் நிகழ்வது

ஆலோசனை, சிக்கல் தீர்வுமுறை எனப்படும் உளவியல் முறையை அடிப்படையாகக் கொண்டது. ஆறு அமர்வுகள் வரை நிகழ்வது. அதன் படிநிலைகளும் ஷோனாச் சொற்களாலேயே குறிக்கப்படுகின்றன. முதலாவது ‘குவுரா ப்ஃபுங்வா’, அதாவது மனத்தைத் திறத்தல். இரண்டாவது ‘குசிமுட்சிரா’, உயர்த்துதல். மூன்றாவது ‘குசிம்பிசா’, வலுப்படுத்துதல். முதற்படியில் வரும் ‘ப்ஃபுங்வா’ என்னும் பெயர்ச்சொல்லும் நோயைக் குறிக்கும் ‘குஃபுங்கிசிசா’வும் ஒரே வேரினவை என்பது கருதத்தக்கது. மிகுந்துபோன சிந்தனை நோயாகிறது. திறக்கப்பட்ட சிந்தனை மருந்தின் முதற்படியாகிறது. அயற்சொற்களைக் கையாண்டிருப்பின் இத்தொடர்பு புலப்பட்டிராது.

இம்முறை இயங்குவதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கணவன் கைவிட்டமை, வாடகை நிலுவை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், தன் உடல்நோய் என நான்கு சிக்கல்களுடன் ஒரு பெண் வருவதாகக் கொள்வோம். மூதாட்டி முதலில் அவள் கூறுவதை இடைமறிக்காமல் கேட்கிறார். பின் அவள் கூறிய சிக்கல்களை வரிசைப்படுத்தி அவளிடமே திருப்பிச் சொல்கிறார். அவற்றுள் எதை முதலில் எடுத்துக்கொள்வது என்பதை அப்பெண்ணே தெரிவுசெய்கிறாள். பள்ளிக் கட்டணம் எனின், யாரைக் காண்பது, எந்நாளில் காண்பது, என்ன கேட்பது என்னும் அளவுக்குத் திட்டம் நுணுக்கமாக்கப்படுகிறது. அடுத்த அமர்வில் அது நிறைவேறியதா எனப் பார்க்கப்படுகிறது. நிறைவேறவில்லையெனில் வேறு வழி ஆராயப்படுகிறது. தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உடையோர் மேற்பார்வையாளரிடம் அனுப்பப்படுகின்றனர்.

தனி அமர்வுகளைத் தொடர்ந்து ‘குபதானா தோசே’ என்னும் குழுவில் சேர அழைப்பு விடுக்கப்படுகிறது. ‘அனைவரும் கைகோத்தல்’ என்பது அதன் பொருள். முன்னர் ஆலோசனை பெற்றோர் அங்கே ஒன்றுகூடி, பழைய நெகிழித் தாள்களைக் கொண்டு பைகள் பின்னுகின்றனர். பேச்சுக்குப் பேச்சும் ஆயிற்று. சிறுவருவாய்க்கு வழியும் ஆயிற்று.

5. ஆய்வு முடிவுகள்

தொடக்கநிலை மதிப்பீடு 2011இல் வெளியாயிற்று. ஆலோசனை பெற்றோரின் சராசரி அறிகுறி மதிப்பெண் 11.3இலிருந்து 6.5ஆகக் குறைந்தமையை அது காட்டியது. ஆனால் ஒப்பிட்டு நோக்க மற்றொரு குழு இன்மையால், காலப்போக்கில் தானே நேர்ந்த குறைவா, ஆலோசனையால் நேர்ந்த குறைவா எனத் துணிய இயலவில்லை.

இக்குறையை நிறைவு செய்தது, 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வாகும். ஹராரேயின் 24 நலவாழ்வு நிலையங்கள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. வினாநிரலில் 9 அல்லது அதற்கு மேல் பெற்ற 573 பேர் பங்கேற்றனர். அவர்களுள் 86.4 விழுக்காட்டினர் பெண்கள், 41.7 விழுக்காட்டினர் எச்.ஐ.வி. தொற்றுடையோர். ஒரு பிரிவினர் நட்பு இருக்கையில் ஆலோசனை பெற்றனர். மற்றப் பிரிவினர் வழக்கமான மருத்துவத்துடன் மனநலம் குறித்த விளக்கமும் பெற்றனர். ஆறு திங்கள் கழித்து 521 பேர் மீண்டும் மதிப்பிடப்பட்டனர். இருக்கையில் அமர்ந்தோரின் சராசரி மதிப்பெண் 3.81, மற்றோரின் மதிப்பெண் 8.90. மனச்சோர்வு அறிகுறி உடையோர் முற்பிரிவில் 13.7 விழுக்காடு, பிற்பிரிவில் 49.9 விழுக்காடு.

இவ்வேறுபாடு பெரிது. மருத்துவப் பட்டமோ செவிலியர் பயிற்சியோ இல்லாத பணியாளர், குறுகிய காலப் பயிற்சியையும் தொடர்ந்த மேற்பார்வையையும் கொண்டு இதனை நிகழ்த்தினர் என்பதே ஆய்வுலகின் பார்வையை ஈர்த்தது.

6. ‘பாட்டி’ என்னும் தகுதி

ஷோனா மொழியில் ‘அம்புயா’, ‘ம்புயா’ என்பன பாட்டியைக் குறிக்கும் சொற்கள். அவை உறவுப்பெயராகவும் மதிப்புப் பெயராகவும் வழங்குவன. ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்தமையால் 1898இல் தூக்கிலிடப்பட்ட நெஹாண்டா என்னும் ஆவிவழிக் குறிசொல்லி, இன்றும் ‘ம்புயா நெஹாண்டா’ எனவே போற்றப்படுகிறார். இருக்கைப் பணியாளரும் ‘அம்புயா உதானோ’, அதாவது ‘நலவாழ்வுப் பாட்டியர்’ என அழைக்கப்பட்டனர். இப்பெயர் பதவிப்பெயர் அன்று, உறவுப்பெயர். மருத்துவரிடம் கூறத் தயங்குவதைப் பாட்டியிடம் கூறலாம் என்னும் இசைவை அப்பெயரே வழங்குகிறது.

ஷோனா மரபில் திருமண வாழ்வு பற்றி இளம்பெண்ணுக்கு அறிவுரை கூறும் உரிமை தந்தையின் உடன்பிறந்தாளாகிய ‘தேத்தே’வுக்கும் பாட்டிக்கும் உண்டு. நகர்ப்புறக் குடியேற்றமும் எச்.ஐ.வி. தொற்றால் நேர்ந்த சாவுகளும் அவ்வுறவுகளைக் குலைத்தன. குருதி உறவில் இல்லாமற்போன ஓரிடத்தைச் சமுதாய உறவால் நிரப்பியது இருக்கை எனக் கருத இடமுண்டு.

இங்கு ஓர் எல்லையும் நோக்கத்தக்கது. அறிவுரை கூறுதலே பாட்டியின் மரபுவழி உரிமை. ஆனால் சிக்கல் தீர்வுமுறையோ அறிவுரை கூறாமையை வேண்டுவது. தீர்வை வந்தவரே காணவேண்டும் என்பது அதன் விதி. ஆகவே பயிற்சி என்பது மூதாட்டியர்க்குப் புதிதாக ஒன்றைக் கற்பித்தல் மட்டுமன்று. நெடுநாள் வழக்கம் ஒன்றை அடக்கிக்கொள்ளக் கற்பித்தலும் ஆகும். துயருற்ற பெண்ணுக்கு ஆறுதல் கூறும் முதுபெண்டிரைத் தமிழ் மரபும் அறியும். முல்லைப்பாட்டில் முதிய பெண்டிர் விரிச்சி கேட்டு வந்து, தலைவன் திரும்பி வருவான் எனத் தலைவியைத் தேற்ற முயல்கின்றனர். அவள் துயரோ உடனே தணியவில்லை. நற்சொல் கூறித் தேற்றுதல் ஒரு முறை; துயருற்றவரையே பேசச்செய்து வழிகாணச் செய்தல் மற்றொரு முறை. ஹராரே மூதாட்டியர் முன்னதற்குரிய மதிப்பைக் கொண்டு பின்னதைச் செய்தனர்.

7. எஞ்சும் வினாக்கள்

முதல் வினா, வெற்றி மூதாட்டியருடையதா, முறையினுடையதா என்பது. இத்திட்டம் பிற இடங்களுக்குப் பரவியபோது மலாவியில் முதிய ஆண்களும் பெண்களும், சான்சிபாரில் இளையோரும், நியூயார்க் நகரில் பல்வேறு வயதினரும் ஆலோசகராயினர். எனவே பாட்டி இல்லாமல் இருக்கை இயலாது எனக் கூறுதல் பொருந்தாது. ஆனால் இவ்விடங்கள் அனைத்திலும் ஆலோசகர் வந்தவரின் சமூகத்தைச் சார்ந்தவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டனர். ம்பாரேயில் அத்தகுதியை மிகுதியாகப் பெற்றிருந்தோர் மூதாட்டியர் என்பதே சரியான முடிபாகும்.

இரண்டாவது, ஆய்வின் வரம்பு. பங்கேற்றோருள் பெரும்பான்மையர் பெண்கள். மதிப்பீட்டுக் காலம் ஆறு திங்கள். ஆண்கள் தம் துயரை ஒரு மூதாட்டியிடம் கூற எவ்வளவு முன்வருவர், பயன் எத்துணைக் காலம் நீடிக்கும் என்பனவற்றை இவ்வெண்களைக் கொண்டு மட்டும் முடிவுசெய்தல் இயலாது.

மூன்றாவது வினா அறம் சார்ந்தது. அரசு செலவிடத் தயங்கும் இடத்தில் மூத்த பெண்களின் உழைப்பைக் குறைந்த ஊதியத்தில் பெறுதற்கு இத்தகைய வெற்றிகள் ஒரு சாக்காகலாம். ‘பாட்டியின் அன்பு’ எனப் புகழ்வதால் அது உழைப்பு என்பது மறைந்துவிடக் கூடாது. நாளும் பிறர் துயரைக் கேட்பவர்க்கு ஊதியமும் ஓய்வும் தேவை. தம் துயரைச் சொல்லிக்கொள்ள இடமும் தேவை. ம்பாரேயின் 14 மூதாட்டியரும் ஊதியமற்ற தொண்டராக அமர்த்தப்பட்டவரல்லர். நகர நலவாழ்வுத் துறையின் பணியாளர் என்பதை இத்திட்டத்தைப் பின்பற்ற விழைவோர் மறத்தலாகாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• மூதாட்டியர் மாற்றத்திற்குத் தடையாவது, மாற்றம் பற்றிய உரையாடலில் அவர்கள் சேர்க்கப்படாதபோது. காம்பியா, செனகல் சான்றுகள் இதனை வலியுறுத்துகின்றன.

• நட்பு இருக்கைத் திட்டத்தில் மூதாட்டியர் வகுக்கப்பட்ட திட்டத்தை நிறைவேற்றுவோராக மட்டும் இல்லை. அதன் பெயரையும் சொற்களையும் தீர்மானித்தோராகவும் இருந்தனர். முதற்பெயரில் எவரும் வந்து அமராத இருக்கை, அவர்கள் தந்த பெயருக்குப் பின்னரே பயன்பட்டது.

• நோய்க்கு மக்கள் மொழியில் அமைந்த பெயர், அந்நோயைப் பற்றிப் பேசுதற்கான வாயிலாகிறது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடும் மொழியறிஞர், துறைச்சொல்லுக்கு நிகரனைத் தேடுமுன் மக்கள் வழக்கில் முன்னரே உள்ள சொல்லையும் அது சுமக்கும் விளக்கத்தையும் ஆராய்தல் இன்றியமையாதது.

• உறவுநிலைத் தகுதி மட்டும் போதாது. வரையறுத்த முறையும் மேற்பார்வையும் உரிய ஊதியமும் உடன்வேண்டும்.

நலவாழ்வுத் திட்டங்களின் கணக்கேட்டில் இடம்பெறாத ஓர் அறிவு ஒவ்வோர் ஊரின் மூத்த பெண்களிடமும் உண்டு. அதனைக் கேட்டறிவதற்குப் பெரும்பொருள் தேவையில்லை என்பதை ம்பாரேயின் மர இருக்கை காட்டுகிறது. அதனைப் பேணி நிலைபெறச் செய்வதற்கோ அரசின் பொறுப்பும் நிலையான ஒதுக்கீடும் தேவை.